டீவியில் பார்த்த முகத்துக்கு வாக்குப் போடலாமா?

(பாண்டிருப்பில் நடைபெற்ற எமது சங்கத்தின் இரண்டு நாள் கல்வி முகாமில், முதல் நாள் மாலை அமர்வில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)

தலைமை தாங்கும் தோழர் அவர்களே, விடியற்காலை பஸ் ஏறி மலையிறங்கி வந்திருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே, இந்த மண்டபத்தையும் மத்தியானச் சோற்றையும் தந்த பாண்டிருப்பு உறவுகளே, பக்கத்து மருதமுனையிலிருந்து வந்திருக்கும் நெசவாளர் சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கடலில் இறங்கிவிட்டு ஈரச் சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். நீங்களும் கேளுங்கள். இது டீவி பற்றிய பேச்சு.

கடந்த மாவட்டக் கமிட்டியில் இளைஞர் அணித் தம்பி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த தேர்தலில் எங்கள் சங்கத்தின் ஆதரவோடு டீவியில் வரும் ஆள் ஒருவரை நிறுத்தினால் என்ன? எங்கள் தோட்டத் தலைவர்மாரை அடுத்த டிவிசனிலேயே ஆட்களுக்குத் தெரியாதே" என்றார். பாதிப்பேர் கை தட்டினார்கள். மற்றப் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாளைக் காலை அதே விஷயம் தீர்மானமாக வரப்போகிறது. அதற்கு முன்னால் நடந்த கதைகளைச் சொல் என்று என்னைக் கேட்டார்கள்.

முதலில் அந்தத் தம்பியின் பக்கம் நின்று பேசுகிறேன். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. எங்கள் நாட்டுத் தேர்தல் முறை அப்படி. 1978 அரசியலமைப்போடு விகிதாசார முறை வந்தது. 1989 பொதுத் தேர்தலில்தான் முதன்முதலாக அந்த முறையில் வாக்குப் போட்டோம். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகு வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. தொகுதி சின்னதாக இருந்த காலத்தில் வேட்பாளர் நடந்தே ஊரைச் சுற்றலாம். இப்போது மாவட்டம் முழுவதும் அவருடைய தொகுதி. ஒரு மூலையில் இருக்கும் ஆளை மறு மூலைக்குத் தெரியாது. அதுவும் போதாதென்று சொந்தக் கட்சிக்காரனோடேயே விருப்பு வாக்குக்காகச் சண்டை. இந்த நிலைமையில் யாருக்கு வாய்ப்பு? பணம் உள்ளவருக்கு, அல்லது போஸ்டர் ஒட்டாமலே எல்லா வீட்டுக்கும் முகம் தெரிந்தவருக்கு.

எங்கள் நாட்டிலேயே நடந்தது. தெரண தொலைக்காட்சியில் 'பபா' என்று ஒரு சிங்கள நாடகம் போனது. அதில் நடித்த உபேக்ஷா சுவர்ணமாலியை நாடகத்தின் பெயரிலேயே நாடு முழுக்கக் கூப்பிட்டார்கள். 2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் கம்பஹா மாவட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் நின்றார், வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் 18வது திருத்தம் வந்தது. ஜனாதிபதி இரண்டு முறைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையை எடுத்துவிட்ட திருத்தம். எதிர்க்கட்சிக்கு என்று மக்கள் போட்ட வாக்கில் பாராளுமன்றம் போன அவர் அரசாங்கத்தோடு சேர்ந்து அதற்கு ஆதரவாக வாக்களித்தார். 161க்கு 17 என்ற கணக்கில் அது நிறைவேறியது.

உடனே "பார்த்தீர்களா, நடிகை என்றால் இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். அந்த 161 பேரில் நடிகர்கள் எத்தனை பேர்? ஐக்கிய தேசியக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து இந்தக் கல்முனைக் கரையில் வாக்குக் கேட்ட முஸ்லிம் காங்கிரஸும் அன்று ஆதரவாகத்தான் வாக்களித்தது. மலையகத்து வாக்கில் எதிரணியிலிருந்து போனவரும் கை தூக்கினார். அவர்கள் யாரும் நாடகத்தில் நடித்தவர்கள் இல்லை. ஆனால் பத்திரிகைகள் கேலி செய்ய எடுத்துக்கொண்டது ஒரு பெண்ணின் முகத்தை. அதில் எனக்கு உடன்பாடில்லை.

நடிகர்களில் வேறு விதமானவர்களும் இருந்தார்கள். சிங்களத் திரையில் பெரிய கதாநாயகன் விஜய குமாரதுங்க. 1984இல் சொந்தக் கட்சி தொடங்கினார். இனப்பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வுதான் தீர்வு என்று தெற்கில் மேடை போட்டுச் சொன்னார். 1986இல் யாழ்ப்பாணத்துக்கே போய்ப் பேசினார். அந்தக் காலத்தில் அது வாக்குச் சேர்க்கும் பேச்சு அல்ல, உயிருக்கு ஆபத்தான பேச்சு. 1988 பெப்ரவரியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆகவே நடிகர் என்ற ஒரு காரணத்துக்காக யாரையும் ஒதுக்க முடியாது.

இனி இந்தியாவுக்குப் போவோம். அங்கே சினிமாவிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆரின் படம் எத்தனை லயத்துக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது! அவர் சினிமா, மாநில அரசியல். நான் சொல்ல வந்தது டீவி நாடகத்திலிருந்து டில்லிப் பாராளுமன்றம் போனவரைப் பற்றி. அதற்கு ஸ்மிருதி இரானியை விடப் பெரிய உதாரணம் இல்லை.

டில்லியில் 1976இல் பிறந்தவர். மும்பைக்கு வந்து மக்டொனால்ட்ஸ் உணவுக் கடையில் தரை துடைக்கும் வேலை செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வேலை செய்து வந்த பெண் என்பதை நாம் மதிக்க வேண்டும். 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் ஒரு ஹிந்தி நாடகம் தொடங்கியது. 'க்யூன்கி சாஸ் பீ கபீ பஹு தீ' என்று பெயர். மாமியாரும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவள்தானே என்று அர்த்தம். அதில் இவர் துளசி. பூசகர் வீட்டுப் பெண், பெரிய பணக்காரக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். பொறுமைக்காரி, நியாயக்காரி, குடும்பத்தைக் கட்டிக் காப்பவள். எட்டு வருடம், 1,800க்கு மேற்பட்ட நாட்கள் அந்த நாடகம் ஓடியது. நீங்கள் அதைப் பார்த்திருக்காவிட்டாலும் அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். சன் டீவியில் 'சித்தி' ஓடிய காலத்தில் மலையிலிருந்து வந்து, கை கழுவி, பிளேன்டீயோடு டீவி உள்ள வீட்டில் போய் உட்கார்ந்த அக்காமார் இங்கே எத்தனை பேர்? (சிரிப்பு) ஆமாம், அதே மாதிரிக் குடும்பம்தான்.

சினிமா நடிகரை வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை பார்க்கிறோம். நாடக நடிகையை ஒவ்வொரு நாளும், எங்கள் வீட்டுக்குள்ளேயே, சோறு சாப்பிடும் நேரத்தில் பார்க்கிறோம். அவள் அழுதால் நாமும் அழுகிறோம். சொந்தக்காரியை விட அதிகமாக அவளைத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் நமக்குத் தெரிந்தது துளசியை. துளசியின் நியாயத்தை எழுதியவர் வேறு யாரோ, சம்பளத்துக்கு எழுதிய ஒருவர்.

பாண்டிருப்புக்காரருக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. இங்கே திரௌபதை அம்மன் கோயிலில் ஒவ்வொரு புரட்டாதியிலும் பதினெட்டு நாள் சடங்கு நடக்கிறது. ஊர் மனிதர்கள் விரதம் இருந்து தருமராகவும் வீமராகவும் அருச்சுனராகவும் வருகிறார்கள். வனவாசம் போகும்போது ஊரே வாசலில் நின்று கும்பிடுகிறது. கடைசியில் தீப்பள்ளயம். அந்த நாட்களில் அவர் தருமர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சடங்கு முடிந்ததும் அவர் தன் வேலைக்குப் போகிறார். தருமராக வந்தார் என்பதற்காகச் சங்கத்தின் பணப்பெட்டியை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. கொடுப்பதென்றால் அவருடைய சொந்தக் கணக்கு வழக்கைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஸ்மிருதி இரானி 2003இல் பாரதிய ஜனதாக் கட்சியில் சேர்ந்தார். 2004இல் டில்லியில் சாந்தினி சௌக் தொகுதியில் நின்றார். நாடகம் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. தோற்றார். காங்கிரஸ் வக்கீல் கபில் சிபல் வென்றார். துளசிக்காக அழுத வீடுகள் எல்லாம் வாக்குப் போட்டுவிடவில்லை. அந்த வருடக் கடைசியில், குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடி பதவி விலக வேண்டும், இல்லாவிட்டால் உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். கட்சி ஏற்கவில்லை. சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து அதே மோடியின் மந்திரிசபையில் உட்கார்ந்தார்.

2014இல் உத்தரப் பிரதேசத்தில் அமேதி. ராகுல் காந்தியின் கோட்டை. அங்கேயும் தோற்றார், 1,07,903 வாக்குகளால். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தோற்ற பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகவில்லை. ஐந்து வருடம் அமேதிக்குத் திரும்பத் திரும்பப் போனார், ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்தார். 2019இல் அதே ராகுல் காந்தியை 55,120 வாக்குகளால் தோற்கடித்தார். அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என்றாலும் அந்த வெற்றி டீவி முகத்தால் வந்தது என்று சொன்னால் அது பொய். நடந்த கால்களாலும் கட்சியின் அமைப்பாலும் வந்தது.

இப்போது எங்களுக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்தலில் வென்ற கதையை விட, பதவியில் இருந்தபோது தொழிலாளிக்கு என்ன நடந்தது என்ற கதைதானே எங்களுக்கு வேண்டும்?

2014இல் தோற்ற உடனேயே கல்வி அவர் கைக்கு வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்ததால் மந்திரியாக முடிந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன். மாணவர் மோதல் ஒன்றின் பிறகு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார், உதவிப்பணமும் கைக்கு வராமல் நின்றிருந்தது. அதற்கு முன்னால் அந்த மாணவர்கள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு மந்திரியின் அமைச்சிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போயிருந்தது. பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் அவர் பேசிய பேச்சை நாடே டீவியில் பார்த்தது. தொண்டை கம்ம, கண் கலங்கப் பேசினார். நன்றாகப் பேசினார் என்று பாராட்டியவர்கள் நிறையப் பேர். நான் ஒரு ஆசிரியை. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் ஒரு பிள்ளைக்காக ஒரு தோட்டமே எப்படிக் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேச்சு எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு அந்தக் கடிதங்களைத்தான் பார்க்கிறேன்.

அந்த ஜூலையில் அவரை ஜவுளி அமைச்சுக்கு மாற்றினார்கள். மருதமுனைச் சகோதரர்கள் இதைக் கவனியுங்கள். 2016 ஓகஸ்டில், கைத்தறி நாளையொட்டி, எல்லோரும் கைத்தறி உடுத்துவோம் என்று ஒரு பிரசாரம் தொடங்கினார். கைத்தறிச் சேலை உடுத்திப் படம் போட்டார். சினிமாக்காரர், கிரிக்கெட்காரர் எல்லோரும் படம் போட்டார்கள். நல்ல விஷயம்தான், தறிக்காரருக்குக் கொஞ்சம் பெயர் வந்திருக்கும். நான்கு வருடம் கழித்து, 2020 ஜூலைக் கடைசியில், அதே அமைச்சு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. 1992இல் தொடங்கிய வாரியம். பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை, ஆலோசனை சொல்லும் சபைதான். ஆனால் தறிக்காரரின் ஆட்கள் அரசாங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேச இருந்த சில கதிரைகள் அதில்தான் இருந்தன. கொரோனாவில் நூலும் இல்லை, சந்தையும் இல்லை என்று தறிகள் நின்றுபோயிருந்த நேரம். கைத்தறி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. சேலை உடுத்திய படம் இன்னும் இருக்கிறது, கதிரைகள் போய்விட்டன.

2019க்குப் பிறகு பெண்கள், சிறுவர் மேம்பாட்டு அமைச்சு. துளசி அம்மாவுக்குப் பொருத்தமான அமைச்சு என்று நினைப்பீர்கள். அந்த அமைச்சின் கீழேதான் அங்கன்வாடிகள் வருகின்றன. எங்கள் பிள்ளை மடுவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கர்ப்பிணித் தாய்மாருக்குச் சத்துணவும், பிள்ளைகளின் நிறை பார்ப்பதும், கணக்கெழுதுவதும். இந்தியா முழுவதும் சுமார் 13 இலட்சம் பெண்கள் இந்த வேலை செய்கிறார்கள். அதற்குக் கிட்டத்தட்ட உதவியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களை அரசாங்கம் தொழிலாளர் என்று சொல்வதில்லை. தொண்டர் என்கிறது. சம்பளம் என்று கொடுப்பதில்லை, கௌரவக் கொடுப்பனவு என்று கொடுக்கிறது. ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் 6,000 ரூபாவுக்கு வருடக்கணக்கில் முழு நேரம் படிப்பித்தவர்கள் இந்த மண்டபத்திலும் சிலர் இருக்கிறோம். பெயரை மாற்றினால் சம்பளத்தைக் குறைக்கலாம் என்ற வித்தை எங்களுக்குப் புதிதல்ல.

மத்திய அரசின் கொடுப்பனவு மாதம் 3,000 இந்திய ரூபாவாக இருந்தது, 2018 ஒக்டோபரில் 4,500 ஆனது. மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேலே கொஞ்சம் போடுகின்றன, சில இடத்தில் கூட, சில இடத்தில் குறைவு. இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்று, ஆகக் குறைந்த சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 2013இலேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு சிபாரிசு செய்திருந்தது. அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்காரும் மாநாடு அது. ஸ்மிருதி இரானி 2019இல் அந்த அமைச்சுக்கு வந்தார், 2024 வரை ஐந்து வருடம் இருந்தார். 4,500 அப்படியே 4,500ஆக இருந்தது. அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பல மாநிலங்களில் வேலைநிறுத்தம், டில்லிக்கு ஊர்வலம். சேவைக்காலப் பணம், நாங்கள் சேர்விஸ் காசு என்கிறோமே, அது இவர்களுக்கும் உண்டு என்று 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை வாங்கித் தந்தது வழக்குப் போட்ட குஜராத் அங்கன்வாடிப் பெண்கள். துளசி அம்மா அல்ல.

இந்த இடத்தில் மத்தியானம் ஒரு அக்கா என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஏன் டீச்சர், ஒரு பொம்பிளை மந்திரியானால் பொம்பிளைகளின் கஷ்டம் தெரியாதா?" என்றார். தெரிந்திருக்கும் அக்கா. தரை துடைத்தவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவருக்குச் சீட்டுக் கொடுத்தது கட்சி, கதிரை கொடுத்தது பிரதமர். அங்கன்வாடிப் பெண்கள் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எதையும் திருப்பி எடுக்கவும் முடியாது. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாரோ அவருடைய பேச்சைத்தான் கேட்பார். ஆணானாலும் அப்படித்தான்.

2024இல் அமேதியில் மறுபடி நின்றார். இந்த முறை எதிரில் நின்றவர் கிஷோரி லால் சர்மா. அந்தப் பெயரை இந்தியாவிலேயே பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். 1983இலிருந்து அந்தப் பகுதியில் காங்கிரசுக்காகக் கோப்புத் தூக்கியவர், ஆஸ்பத்திரிக் கடிதம், பென்சன் கடிதம் என்று ஆட்களுக்கு அலைந்தவர். பெரிய குடும்பத்துக்கு வேலை செய்தவர் என்று குறை சொல்லலாம், அதுவும் உண்மைதான். அவர் 1,67,196 வாக்குகளால் வென்றார். டீவியில் ஒரு நாளும் நடிக்காத மனிதர். அடுத்த வருடம், 2025 ஜூலையில், அந்தப் பழைய நாடகம் புதிதாகத் தொடங்கியது. ஸ்மிருதி இரானி மறுபடி துளசியாக வந்தார். அவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. 4,500 ரூபாப் பெண்களுக்குத் திரும்பிப் போக வேறு நாடகம் இல்லை.

சித்தி பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தச் சித்தி ராதிகாவும் அதே 2024இல் பாரதிய ஜனதா வேட்பாளராக விருதுநகரில் நின்றார். மூன்றாம் இடம்தான். தமிழ்நாட்டில் அவரைத் தெரியாத வீடு இல்லை. கை தட்டுவது வேறு, வாக்குப் போடுவது வேறு என்று ஆட்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

கடைசியாக அமெரிக்கக் கதை ஒன்று. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் சங்கக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டிய கதை. ரொனால்ட் ரேகன். முதலில் சினிமா, பிறகு 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியின் டீவி நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அமெரிக்க வீடுகளில் எல்லாம் அவர் முகம். அந்தக் கம்பனியின் தொழிற்சாலைகளுக்கும் போய்த் தொழிலாளர் முன்னால் பேசுவது அவருடைய வேலை. ரேகன் தொழிற்சங்கத் தலைவரும் கூட. நடிகர் சங்கத்தின் தலைவராகப் பல வருடம் இருந்தவர். 1960இல் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி, நடிகர்களுக்கு ஓய்வூதியமும் வைத்திய நிதியும் வாங்கிக் கொடுத்தவர். எங்களுக்கு இதை விட என்ன வேண்டும்? டீவி முகமும் உண்டு, சங்க அனுபவமும் உண்டு.

1980 தேர்தலில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் அவரை ஆதரித்தது. உங்கள் குறைகளைக் கவனிப்பேன் என்று அந்தச் சங்கத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். வென்றார். 1981 ஓகஸ்ட் 3ஆம் திகதி அதே சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 48 மணித்தியாலம் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்றார். 5ஆம் திகதி 11,345 பேரை வேலையிலிருந்து நீக்கினார். சங்கத்தின் அங்கீகாரமும் போனது. அதன் பிறகு அமெரிக்க முதலாளிமார் பலருக்குத் துணிவு வந்தது.

ஆனால் ரேகனுக்கு ஒரு வருடம் முன்னால், 1980 ஜூலையில், இங்கே என்ன நடந்தது? 300 ரூபாச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். செய்தது ஜே.ஆர். ஜயவர்தன. அவர் எந்த நாடகத்திலும் நடித்ததாக எனக்குத் தெரியாது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் அந்தக் குடும்பங்கள் சிரிக்கவில்லை. எங்கள் மூத்த தோழர்களிடம் கேளுங்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். டீவியில் வரும் ஆளை நிறுத்தலாமா? நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வாக்கு எப்படிப்பட்ட வாக்கு என்பதை மறக்காமல் பேசுவோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் பாட்டன் பாட்டிமாரின் வாக்கு போனது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என்று 1964இல் ஆட்களைப் பிரித்து எண்ணினார்கள். கடைசியாக மிஞ்சியவர்களுக்கும் 2003இல்தான் சட்டம் வந்து குடியுரிமை கிடைத்தது. எங்கள் வீட்டுப் பெரியம்மாமார் சிலர் நரைத்த தலையோடு முதல் வாக்கைப் போட்டார்கள்.

அந்த வாக்கில் போகிறவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்? 2024இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மே தினத்தையொட்டி 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. நாங்கள் பட்டாசு கொளுத்தினோம். கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக 1,350 ரூபாவில் வந்து நின்றது. அந்த மாதங்களில் சபையில் உட்கார்ந்து பேசியதும், வக்கீலுக்குக் கணக்குக் கொடுத்ததும், முழுப்பேர் எத்தனை கிலோவுக்கு என்று துரையோடு மலையில் வாதாடியதும் எந்த டீவியிலும் வரவில்லை. அதைச் செய்த தலைவர்மாரைத்தான் அடுத்த டிவிசனில் தெரியாது என்கிறோம். தெரியாவிட்டால் அது யாருடைய வேலை? எங்கள் செய்தி மடலில் அமைச்சர் மாலை போட்ட படம் முன்பக்கத்தில் வருகிறது. ஒரு தோட்டத் தலைவி சேர்விஸ் காசு வழக்கை வென்றால் உள்பக்கத்தில் நான்கு வரி. ஆசிரியர் தோழர் இங்கேதான் இருக்கிறார், கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். (கைதட்டல்)

என்னுடைய யோசனை இது. வேட்பாளராக வர விரும்புகிறவர் நடிகராக இருந்தாலும், வக்கீலாக இருந்தாலும், எங்கள் சொந்தச் சங்கத்துத் தலைவராக இருந்தாலும், வேட்புமனுவுக்கு முன்னால் மூன்று தோட்டங்களின் பெரட்டுக்களத்தில் காலை ஆறரைக்கு வந்து நிற்க வேண்டும். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். கேள்வியைக் கொழுந்து பறிக்கும் அக்காமார் கேட்பார்கள். சம்பளம், காணி, வீடு, பிள்ளை மடுவம் பற்றிய எங்கள் கோரிக்கைகளில் எதற்கு ஆதரவு, எதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேகனும் கடிதம் எழுதினாரே என்று கேட்பீர்கள். எழுதினார், ஒரு தலைவருக்கு மட்டும். நாங்கள் வாங்குவதை ஒவ்வொரு கிளையிலும் வாசித்து, லயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். வென்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலோடு மாவட்டக் கமிட்டிக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு அவருக்காக எங்கள் சந்தாப் பணத்தில் ஒரு போஸ்டர் கூட அடிக்கக் கூடாது.

இதற்குச் சம்மதிக்கும் டீவி நடிகர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி, நானே பெரட்டுக்களத்தில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன்.

தீர்மானத்தின் நகல் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் குழுக் குழுவாக வாசித்துக் காட்டுவார்கள். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னால் பெயரைக் கொடுங்கள். ஒன்பது மணிக்கு வாக்கெடுப்பு.